முச்சந்தியில் நின்ற மைக்கக்கா

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. சம்பள நாளில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்றபடி ஆலையை ஒட்டிய நான்கு தெருவுக்கும் அவள் மைக்கக்கா. அவளைவிடப் பத்து வயது பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

நகராட்சி அலுவலக மாடியில் ஒரு மூலை அறை, சுவர் முழுக்க ஒரு வரைபடம், ஒரு மைக் செட், அந்த மைக் செட்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓட ஒரு கிழட்டு வேன். அவளுடைய ராஜ்யம் அவ்வளவுதான். ஆலையில் என்றைக்காவது விஷவாயு கசிந்தால் ஜனங்களை எந்த வழியில் எந்தப் பக்கம் கிளப்பிக்கொண்டு போவது என்று முன்கூட்டியே திட்டம் போட்டு வைப்பது அவள் வேலை. "நடக்கவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டே வேலை பாக்கறவ ஊர்லயே நீ ஒருத்திதான்" என்று டவுன் பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் கேலி செய்வான். அவளுக்கும் சிரிப்பு வரும். ஆனால் ராத்திரி காற்று திசை மாறி ஜன்னல் கதவு படபடத்தால், அவன் குறட்டை விடுவான், அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

அந்த ஆலையில் பிளீச்சிங் பவுடர் தயாரித்தார்கள். அதற்கு குளோரின் வேண்டும். குளோரின் என்றால் சாதாரணமில்லை. மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை. மூக்கில் ஏறினால் நெஞ்சைப் பிடித்து உலுக்கிவிடும். காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளமான இடமாகப் பார்த்துத் தேங்கிக்கொள்ளும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் போகும். ஆகவே மனிதன் செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம்: காற்று போகிற பக்கம் போகக் கூடாது, பள்ளத்தில் நிற்கக் கூடாது. அவ்வளவுதானே என்று தோன்றும். இந்த அவ்வளவுதானே-யை நான்கு தெருவுக்குப் புரியவைக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதை அவளிடம் கேட்கக் கூடாது. ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்.

நான்கு தெருவும் ஒரே சாலையாகச் சேர்ந்து வந்து முட்டுகிற இடம் ஒரு முச்சந்தி. அங்கே வலது பக்கம் திரும்பினால் பள்ளிக்கூட மைதானம். இடது பக்கம் ஏறினால் லாரிகள் நிறுத்துகிற மேட்டுத் திடல். காலையில் காற்று திடல் பக்கம் அடிக்கும், அப்போது மைதானம்தான் பத்திரம். சாயங்காலம் காற்றுக்குப் புத்தி மாறி மைதானத்துப் பக்கம் அடிக்கும், அப்போது திடல்தான் பத்திரம். காற்றைக் காட்டுவதற்கென்றே ஆலைக் கூரையில் ஒரு கம்பம் நட்டு, சட்டைக் கையைப் பிய்த்து மாட்டியது போல ஒரு காற்றுப்பை கட்டியிருந்தார்கள். திட்டத்தில் இதெல்லாம் தெளிவாக இருந்தது. எழுதியவளே அவள்தான்.

எழுதி என்ன? ஒத்திகை என்று ஒன்று நடத்தினால்தானே தெரியும். முதல் ஒத்திகைக்கு சைரன் ஊதியபோது ஜனங்கள் ஜன்னலைத் திறந்தார்கள், என்ன சத்தம் என்று பார்த்தார்கள், மூடிக்கொண்டார்கள். மைதானத்துக்கு வந்து சேர்ந்தது நாலைந்து பிள்ளைகளும் ஒரு நாயும். மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காரில் ஏறிப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்று வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள், வாயில் வைக்கவில்லை.

அப்போதுதான் டீ யோசனை வந்தது. தெருத் தெருவாகத் தள்ளுவண்டியில் டீ விற்கும் ஒருவர் இருந்தார். ஊருக்கே டீ மாமா. ஒத்திகை அன்று வண்டியை மைதானத்தில் கொண்டுவந்து போடச் சொன்னாள். வருகிறவர்களுக்கு ஒரு டீ, ஒரு பன், ஆலைக் கணக்கில். சும்மா சொல்லக் கூடாது, அடுத்த ஒத்திகைக்கு நான்கு தெருவும் காலி. அதற்கடுத்த தடவை சைரன் ஊதும் முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். டீ மாமா மணியடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போவார், பின்னால் ஊரே ஊர்வலம் போகும். வேனில் இருந்து மைக்கக்கா, "பதறாம, ஓடாம, மைதானத்துக்கு வாங்க" என்று இழுத்து இழுத்துச் சொல்வாள். அந்த ராகத்தைப் பிள்ளைகள் பாட்டாகவே பாடித் திரிந்தார்கள். மேலதிகாரி வெளியூர் ஆட்களை அழைத்து வந்து, எப்படி நம் ஜனங்கள் என்று பெருமையடித்துக்கொண்டார். அவளுக்கும் பெருமைதான், ஏன் இருக்காது?

ஆனால் எல்லா ஒத்திகையும் காலையில்தான் நடந்தது. சாயங்காலம் என்றால் அதிகாரிகளுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். ஒரே ஒரு தடவை பிடிவாதமாகச் சாயங்காலம் வைத்து ஜனங்களை மேட்டுத் திடலுக்கு அழைத்துப் போனாள். அங்கே நிழல் கிடையாது, குழாய் கிடையாது, லாரி எண்ணெய் வழுக்கும். வந்தவர்கள் கொஞ்சப் பேர், வராதவர்கள் நிறையப் பேர், வந்தவர்களும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த வருஷமும் அதையேதான் சொல்லிக்கொண்டாள். இவ்வளவு கெட்டிக்காரிக்கு இது எப்படி உறைக்காமல் போனது என்று கேட்டால், கூட்டம் வந்துவிட்டதல்லவா, அந்தச் சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. நமக்கு மட்டும் மறைக்காதா?

இனி நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷனின் அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். கல்யாணம் கில்யாணம் என்று பேச்செடுத்தால் எடுத்தவரையே ஓட வைத்தவள். அந்த மைதானத்துப் பள்ளிக்கூடத்தில் மணியடித்துக் கதவு பூட்டுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டில் இருந்தாள். வாய் என்றால் வாய். அவள் நாக்கில் அகப்பட்டவன் ஒரு வாரத்துக்கு அந்தத் தெருப்பக்கம் வர மாட்டான். ஒரு முழங்கால் சரியில்லை, விந்தி விந்தித்தான் நடப்பாள். ஆனால் ஒத்திகைக்கு முதல் ஆள் அவள்தான். சைரன் முதல் மூச்சு விடும்போதே கிளம்பிவிடுவாள். மைதானத்துக் குழாயடிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் வருகிற இளவட்டங்களை, "என்னப்பா, மாலை மரியாதையோட கூப்பிட்டாத்தான் வருவீங்களா" என்று வாங்கு வாங்கென்று வாங்குவாள்.

மைக்கக்காவுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம் என்று ஊர் நினைத்தது. அப்படியெல்லாம் இல்லை. ஒத்திகைக்கு முதல் நாள் மைக்கக்கா வீட்டில் தன் அறிவிப்பை முழுக்கச் சொல்லிப் பார்ப்பாள்: காற்று, பள்ளம், மேல்மாடி, ஈரத்துணி எல்லாம் அதில் வரும். நாத்தனார் துணி மடித்துக்கொண்டே கேட்பாள். இவ்வளவு நீட்டினால் எவன் கேட்பான், சுருக்கமாகச் சொல் என்பாள். சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் மைக்கில் மிஞ்சியது "மைதானத்துக்கு வாங்க" மட்டும்தான்.

அந்தச் சாயங்காலம் மைக்கக்கா வரைபடத்தின் எதிரில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைக் கழுவி மூடிக்கொண்டிருந்தாள். சைரன் ஊதியது. ஒத்திகை என்றால் அவளுக்குத் தெரியாமல் ஊதாது. டப்பா கையிலிருந்து விழுந்து உருண்டது. வராந்தாவுக்கு ஓடிப் பார்த்தாள். ஆலைக் கூரையில் காற்றுப்பை விறைத்துக்கொண்டு மைதானத்தைக் காட்டியது. டேங்கர் லாரியிலிருந்து குளோரின் இறக்கும் குழாய் பிய்த்துக்கொண்டது என்று ஆலையிலிருந்து போன் வந்தது.  நான்கு தெருவும் இந்நேரம் எந்தப் பக்கம் கிளம்பியிருக்கும் என்று அவளைத் தவிர யாருக்கு நன்றாகத் தெரியும்? யார் முதல் ஆளாகப் போயிருப்பார் என்பதும் தெரியும். நாத்தனாரின் போனுக்கு அடித்தாள். அது வழக்கம்போல வீட்டு அலமாரியில் சார்ஜில் கிடந்து அடித்து அடித்து ஓய்ந்தது.

வேன் முச்சந்திக்கு வந்தபோது கூட்டம் வந்துவிட்டிருந்தது. எல்லோரும் வலது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மைக்கை எடுத்து, மைதானத்துக்குப் போகாதீர்கள், இடது பக்கம் திரும்புங்கள், மேட்டுத் திடலுக்குப் போங்கள் என்று கத்தினாள். ஜனங்கள் அவளைப் பார்த்துக் கையசைத்துச் சிரித்தார்கள், வலது பக்கமே திரும்பினார்கள். ஒருவன் இன்றைக்கு பன் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனான். இரண்டு பிள்ளைகள் அவள் ராகத்தை அவளுக்கே திருப்பிப் பாடின. அவள் குரலைத்தான் கேட்டார்கள், அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக ஒரே பேச்சைப் பேசிப் பேசி அவளும் சைரனும் ஒன்றாகிவிட்டிருந்தார்கள். ஒரு பெண்மணியைக் கையைப் பிடித்து இழுத்தாள்; அவளோ, விடு அக்கா, நல்ல இடம் போய்விடும் என்று உதறிக்கொண்டு போனாள். 

அப்போது பக்கத்துச் சந்திலிருந்து மணிச்சத்தம் கேட்டது. டீ மாமா. சைரன் ஊதினால் வண்டியைக் கிளப்ப வேண்டும் என்று பழகிப்போன மனிதர், யாரையும் எதையும் கேட்காமல் அடுப்பை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பின்னால் ஒரு பெருங்கூட்டம். மைக்கக்கா மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"மைதானத்துக்குத்தானேக்கா?" என்றார் அவர். அவளுக்கு அப்பா வயது, இருந்தாலும் அக்கா.

"இல்ல மாமா. திடலுக்கு. திருப்புங்க வண்டிய."

"அங்க தண்ணி இல்லையேம்மா."

"நெஜமாவே கசிஞ்சிருக்கு மாமா. மணிய நிறுத்தாம அடிச்சிக்கிட்டே மேட்டுக்கு ஏறுங்க. நீங்க போனாத்தான் இவங்க வருவாங்க."

அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. மறுபேச்சில்லை. வண்டியை அப்படியே இடது பக்கம் ஒடித்து, மணியைப் பிய்த்துவிடுகிற மாதிரி அடித்துக்கொண்டு மேட்டில் ஏறினார். பின்னால் வந்த கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு, இதென்ன புதுக்கூத்து, டீ எங்கே போகிறது என்று சலித்துக்கொண்டே இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் பாதி தூரம் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மணி இடது பக்கம் கேட்டது, பன் இடது பக்கம் போனது, அவர்களும் வந்தார்கள். இரண்டு இளைஞர்கள் ஏற்றத்தில் மாமாவோடு சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். உயிருக்குப் பயந்து ஓடியவர்கள் அந்தக் கூட்டத்தில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். எதற்காக ஓடினால் என்ன, ஓடினார்களே.

மைதானத்துக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள் மட்டும் பாக்கி. முச்சந்தியிலிருந்து மைதானம் கூப்பிடு தூரம். ஒரு ஓட்டம் ஓடினால் நாத்தனாரைத் தூக்கிக்கொண்டாவது வந்துவிடலாம் என்று கால் துடித்தது. ஆனால் தெருக்களிலிருந்து இன்னும் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவள் வலது பக்கம் நாலு எட்டு வைத்தால், மைக்கக்காவே அங்கேதான் போகிறாள் என்று மிச்சக் கூட்டமும் பின்னாலேயே வந்துவிடும். முச்சந்தியில் நிற்பவர் கடைசி ஆள் கடக்கும் வரை நகரக் கூடாது என்றும், முகமூடி இல்லாமல் யாரையும் புகைக்குள் அனுப்பக் கூடாது என்றும் திட்டத்தில் எழுதியிருந்தது. எழுதிய கை அவளுடையதுதான். தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்து, மைதானத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே முதலில் போங்கள் என்றாள். வேறென்ன செய்ய முடியும்?

புருஷன் போன் செய்தான். அவன் பஸ்ஸைப் பயணிகளோடு ஊருக்கு வெளியே போலீஸார் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"அக்கா எங்க?"

"மைதானத்துல."

"நீ?"

"முச்சந்தில. நான் நகர முடியாதுங்க."

  அவன் போனை வைத்துவிட்டான். மைதானத்தின் பக்கம் மரங்களின் அடியில் மஞ்சளாக ஏதோ படர்வது தெரிந்தது. மைக்கக்கா அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, இடது பக்கம், இடது பக்கம் என்று கையை வீசிக்கொண்டே நின்றாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. புகை எரிச்சல்தான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். புகை இந்தப் பக்கம் வரவே இல்லை.

மைதானத்தில் நடந்ததைப் பிறகு பள்ளிக்கூடக் காவலாளி சொல்லித்தான் எல்லோருக்கும் தெரிந்தது. நாத்தனார் வழக்கம்போல முதலில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பின்னால் ஒரு இருபது பேர். டீ வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று பேச்சு. திடீரென்று அவள் மூக்கைச் சுளித்தாள். தோளில் கிடந்த துணியை எடுத்து நீட்டிப் பிடித்தாள். அது ஆலைப் பக்கமிருந்து அவள் முகத்தில் வந்து அடித்தது. உடனே எழுந்துவிட்டாள். இது பள்ளம், எல்லோரும் மேல்மாடிக்கு ஏறுங்கள் என்றாள். மேல்மாடி பூட்டியிருக்கிறது, தலைமையாசிரியர் அனுமதி வேண்டும் என்றான் காவலாளி, பாவம். அவள் அவனுக்குச் சொன்ன பதிலை அவன் யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. சாவியை மட்டும் கொடுத்துவிட்டான். ஆட்களை மேலே ஏற்றி, ஜன்னலையெல்லாம் சாத்தச் சொல்லி, வாளித் தண்ணீரில் துணி நனைத்து மூக்கில் கட்டச் சொன்னாள். அவள் மட்டும் மாடிப்படி அடியிலேயே நின்று, நடக்க முடியாதவர்களைத் திட்டித் திட்டி மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். தனக்கு முழங்கால் சரியில்லை, தான் முன்னால் ஏறினால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைக்கும் என்று கடைசியாகத்தான் ஏறினாளாம். அதற்குள் புகை படிக்கு வந்துவிட்டது.

தீயணைப்பு வீரர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு போய் எல்லோரையும் இறக்கினார்கள். யாரும் சாகவில்லை. பலருக்கு இருமல், சிலருக்கு நாலைந்து நாள் ஆஸ்பத்திரி. நாத்தனாருக்குத்தான் அதிகம். பிழைத்துவிட்டாள், ஆனால் குரல் போய்விட்டது. வரும், ஆனால் மெல்லத்தான் வரும், பேச வைக்காதீர்கள் என்றார் டாக்டர்.

ஊர் மைக்கக்காவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. மேலதிகாரி கூட்டம் போட்டுப் பாராட்டினார். புருஷன் தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். மைக்கக்கா கஞ்சி ஊட்டுவாள், நாத்தனார் வாயைத் திறப்பாள், கண்ணால் மட்டும் அவளைப் பார்ப்பாள். அந்தக் கண்ணில் என்ன இருக்கிறது என்று இவளுக்குப் பிடிபடவில்லை. கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு வரவில்லை. இதை அந்த நாக்கு சும்மா விடுமா? குரல் வர வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டாள், குரல் வருகிற நாளை நினைத்து நடுங்கவும் செய்தாள். இரண்டும் நிஜம்தான்.

அடுத்த ஒத்திகையை அவள் சாயங்காலம் வைத்தாள். அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். சுளித்துக்கொண்டே வரட்டும் என்று விட்டுவிட்டாள். திடலில் குழாய் போட வைத்திருந்தாள், நிழலுக்குத் தகரக் கொட்டகை. மைக்கில் எந்த இடத்தின் பெயரையும் சொல்லவில்லை. "காத்துப்பையப் பாருங்க, காத்து எங்க போகுதுன்னு பாத்துட்டுக் கிளம்புங்க" என்று மட்டும் சொன்னாள். டீ மாமாவுக்கும் எங்கே என்று சொல்லவில்லை. அவரும் கழுத்தை நீட்டிக் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினார். கொஞ்சப் பேர் பழக்க தோஷத்தில் வலது பக்கம் போய் அசடு வழியத் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு டீ கடைசியில்தான்.

நாத்தனார் அன்று முதல் ஆள் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, கம்பை ஊன்றி, மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்தாள். மைக்கக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கொட்டகையில் உட்கார வைத்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். நாத்தனார் ஒரு வாய் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினாள்.  வருகிறது, வாங்கிக்கொள்வோம் என்று மைக்கக்காவே முந்திக்கொண்டாள்.

"அண்ணி, அன்னிக்கு நான் உங்களத் தேடி வரல."

நாத்தனாரின் குரல் தகரத்தில் தேய்க்கிற மாதிரி வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று பேசினாள்.

"வரலியேன்னு நான் நெனைக்கலம்மா. படியில நின்னுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க என்னத் தேடி வந்துடுவியோன்னு. நீ வந்தா உன் பின்னாலயே எல்லாரும் வந்துடுவாங்களேன்னு. அதுக்குத்தான் பயந்தேன்."

 மைக்கக்கா அப்படியே குனிந்து நாத்தனாரின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஊரே டீ குடித்துக்கொண்டு பார்த்தது. நாத்தனார் மிச்ச டீயை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"குடி. ஆறிடும்" என்றாள்.